மூன்றாவது கட்டைவிரல்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். என்னிடம் நேரம் பதிவான படங்கள் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், என் வீட்டு அறையில் நடந்தது இது.

என் அக்கா நர்ஸ். பதவி உயர்வுத் தேர்வு எழுத அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். பாடப் புத்தகத்தில் கடுகு கடுகாக எழுத்து. அவளுக்கோ பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. "ஸ்கேன் பண்ணிக் குடுடா தம்பி, பெருசாக்கிப் படிச்சுக்கறேன்" என்றாள். அப்போது தேர்வுக்கு இருபது நாள் இருந்தது.

சொல்வது சுலபம். முதலில் வாங்கிய மெஷின் தாள்தாளாக விழுங்குகிற ரகம். புத்தகத்தின் முதுகை அறுத்தால்தான் வேலை நடக்கும். நூலகப் புத்தகத்தை அறுத்தால் என்னை அறுத்துவிடுவார்கள். அடுத்தது, கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கிற ரகம். தையல் ஓரமெல்லாம் கருப்பு நிழல். "கையாலயே எழுதியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றாள் என் மனைவி.

கடைசியில் ஒருவரிடம் பழைய மெஷின் ஒன்று கிடைத்தது. மேலே கேமரா. கீழே கருப்பு விரிப்பு. அதில் புத்தகத்தை விரித்து, இரண்டு கட்டைவிரலாலும் பக்கங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலால் மிதியை அமுக்க வேண்டும். படத்தில் விழும் விரல்களை அழிக்க 'விரல் நீக்கு' என்று ஒரு வசதி உண்டு. எத்தனை விரலை அழித்தது என்று திரையின் மூலையில் காட்டும்.

லென்ஸைத் துடைத்தேன். பளபளக்கும் தாளில் வெளிச்சம் அடிக்காமலிருக்கத் திரைச்சீலையை இழுத்து மூடினேன். மத்தியானம் 3.10க்கு முதல் படம். டிக்... டிக்... பரவாயில்லை, வேலை ஓடியது. எடுத்த பக்கங்களை அவ்வப்போது அக்காவுக்கு அனுப்பிக்கொண்டே வந்தேன்.

4.05. பக்கம் 72. அடியில் மூன்று வரியைக் காணோம். அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

மூலையில் பார்த்தேன். 'நீக்கிய விரல்கள்: 3.'

எனக்கு இரண்டு கட்டைவிரல்தானே...

லென்ஸில் அழுக்கு என்று நினைத்தேன். துடைத்தேன். விரிப்பை உதறினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். ஐந்து தடவை எடுத்தேன். ஐந்து தடவையும் 3. முந்தைய பக்கங்களைத் திறந்தேன். முதல் படத்திலிருந்தே 3. எல்லாவற்றிலும் வரிகள் போயிருந்தன. இத்தனை நேரம் கவனிக்காத மடையன் நான். அழுகையே வந்துவிட்டது.

4.25. ஆத்திரத்தில் 'விரல் நீக்கு' வசதியை அணைத்தேன்.

டிக்.

என் இடது கட்டைவிரல். என் வலது கட்டைவிரல்.

நடுவில்... இன்னொன்று.

தோல் சுருங்கிய விரல், காணாமல் போன அந்த மூன்று வரியின் மேல். நகம் கருத்து, நடுவில் பிளந்திருந்தது.

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். புத்தகம் தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

மூடவில்லை.

மிதியை அமுக்கினேன். டிக்.

அது மட்டும் இருந்தது. கீழிருந்து நீண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து...

4.31. வயரைப் பிடுங்கினேன்.

பட்.

புத்தகம் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை, விற்றவருக்குப் போன் போட்டேன்.

"இந்த மெஷினை யாருங்க வெச்சிருந்தது?"

"எங்கப்பா. காயம் புரையோடி, இடது கட்டைவிரலை எடுத்துட்டாங்க. அப்புறம் புத்தகம் பிடிக்க முடியலை. அதான் வித்தோம்."

"எப்போ... இறந்தார்?"

"என்னங்க பேச்சு இது? உயிரோடதான் இருக்கார்."

"அந்த விரல்ல... நகம் பிளந்திருந்ததா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவரே தொடர்ந்தார். "பாவம், நேத்து இல்லாத விரல் வலிக்குதுன்னு துடிச்சுட்டார். யாரோ திரும்பத் திரும்ப வெட்டறாங்கன்னு ஒரே அலறல். டாக்டர் கேட்டதால நேரம் குறிச்சு வெச்சேன். மூணு பத்துக்கு ஆரம்பிச்சுது. நாலு இருபத்தஞ்சுக்குச் சட்டுன்னு நின்னுடுச்சு."

போனை வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். 'விரல் நீக்கு' வேலை செய்த படங்கள், மொத்தம் நாற்பத்தொன்று.

நேற்று அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "தம்பி, அனுப்பின பக்கத்துல எல்லாம் வரி விட்டுப்போயிருக்கு. மறுபடி எடுத்து அனுப்பு. ஆறு நாள்தான் இருக்கு."

நான் இன்னும் பதில் போடவில்லை.