முப்பது றாத்தல்

புது டயரின் வாசனைக்கு முன்னால் அத்தரே நிற்காது என்று நான் சொன்னால் என் தங்கை இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். அவளுடைய கல்யாணத்துக்காகத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு புது டயர் வாங்கினேன்.

உக்குவளையில் எங்களுக்கு ஒரு கை டிராக்டரும் அதன் பின்னால் பூட்டுகிற பெட்டியும் இருந்தன. டயருக்குத் தட்டுப்பாடான காலத்தில் கிடைத்ததை எல்லாம் மாட்டியதால், பெட்டிக்கு ஒரு பக்கம் வேன் டயர், மறுபக்கம் எந்தக் காரிலிருந்தோ கழற்றிய மொட்டை. போகும்போது நொண்டி ஆடு மாதிரி ஒருபக்கமாகச் சரிந்தே போகும். அதில் தங்கையின் அலுமாரியை ஏற்றிப் பல்லேபொலைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சும்மா அலுமாரியா? கதவு முழுக்க ஆளுயரக் கண்ணாடி!

முந்தின வருஷக் கலவரத்தில் தள்ளிப்போன கல்யாணம் அது. மாப்பிள்ளையின் உம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை. "கண்ணாடியில கீறல் விழுந்து வந்தா, வந்த வழியே திருப்பிக் கொண்டு போங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தங்கைக்குத் தூக்கமே போய்விட்டது. "நானா, அது ஒடஞ்சா அந்த வீட்டுல எனக்கு ஆயுசுக்கும் சொல்லுதான்" என்றாள். எங்களில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னிடமா சொல்கிறாய் என்று மறுநாளே மாத்தளைக்கு பஸ் ஏறினேன்.

டயர்க் கடைக்குள் நுழைந்ததும் எனக்குப் பைத்தியமே பிடித்தது. வெளிநாட்டுச் சாமான்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். கூரை வரைக்கும் டயர்! பளபளவென்று ஒரு கார் டயர் கண்ணைப் பறித்தது. பக்கவாட்டை அமுக்கிப் பார்த்தேன், அப்பளம். பாரம் ஏற்றினால் வயிறு பிதுங்கிவிடும். கடைசியில் எட்டு ப்ளை, அதாவது எட்டு அடுக்கு, போட்ட தடித்த டயரைப் பிடித்தேன். பாரப் பெட்டிக்கென்றே செய்தது. ஒரே அளவு, ஒரே அச்சு, ஒரே சோடி. என் பெட்டிக்கு ஒரே மாதிரி இரண்டு கால்!

கொண்டுபோயிருந்த ரிம்மில் மாட்டிக்கொண்டே கடைக்காரர், "ஹுலங் றாத்தல் கீயத?" என்று கேட்டார். காற்று எத்தனை றாத்தல், அதாவது எத்தனை பவுண்டு, என்று சிங்களத்தில் கேட்கிறார். எங்கள் பக்கம் காற்றுக்கும் றாத்தல்தான், தின்கிற பாண் ரொட்டிக்கும் றாத்தல்தான். டயர் நன்றாக உட்காரட்டும் என்று நாற்பத்தைந்து அடிக்கச் சொன்னேன். அது முழுப் பாரத்துக்கான காற்று. ஓர் அலுமாரிக்கு அவ்வளவும் இருந்தால் பெட்டி குழிக்குக் குழி துள்ளும், கண்ணாடி போய்விடும். ரொம்பக் குறைத்தாலோ டயர் நசுங்கிச் சூடேறும். முப்பதுதான் சரி என்று கணக்குப் போட்டிருந்தேன்.

புறப்படுகிற நாள் காலையில் வாப்பா குந்தியிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். நான் அடுத்த வீட்டில் கயிறு வாங்கப் போனவன் வேலிக்கு அப்பாலிருந்து கத்தினேன்: "முப்பது றாத்தலுக்குக் கொறையப்படாது!"

வாப்பாவுக்குக் கேட்டது. குசினியில் அடுப்பருகே இருந்த உம்மாவுக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டில் சாமான் இறக்க வருகிற ஆட்களுக்கு என்ன கொடுத்தனுப்புவது என்று விடிந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தவர் அவர். அலுமாரியைக் கட்டி முடித்தபோது பேக்கரியிலிருந்து இரண்டு கோதுமை மாச்சாக்கு வந்து இறங்கியது. உள்ளே சுடச்சுட முப்பது றாத்தல் பாண்!

"உங்க காதுல என்ன, பஞ்சா?" என்று பாய்ந்தேன். "நீதானேடா கத்தினாய்?" என்று உம்மாவும் விடவில்லை. வாப்பா சிரித்த சிரிப்பில் காற்றளக்கிற கேஜ் கையிலிருந்து விழுந்தது. திருப்பிக் கொடுக்கவா முடியும்? சாக்குகளையும் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உம்மா வாசலுக்கு வரவில்லை.

ஆனால் அந்தப் பயணம், அடடா! குழியில் இறங்கினால் டயர் மெத்தையாய் வாங்கிக்கொண்டது. மாத்தளையில் நிறுத்தி டயரைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுதான். சத்தமாகவே பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

பல்லேபொலையில் மாப்பிள்ளையின் உம்மா, எங்களுக்கு மாமி, வாசலில் காத்திருந்தார். அலுமாரியை மூடியிருந்த படங்கை விலக்கினேன். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை! நானே செய்து கொண்டுவந்தவன் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். மாமி அதைப் பார்க்கவே இல்லை. சாக்குப் பக்கம் மூக்கைத் திருப்பினார்.

"இது என்ன மகன்?"

"பாண், மாமி. முப்பது றாத்தல்."

"யாரு குடுத்து விட்டது?"

"உம்மாதான்."

மாமி சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "போன வருஷம் ஊரடங்கு போட்டப்போ இந்த வீட்டுல புள்ளைகளுக்குக் குடுக்க ஒரு துண்டு பாண் இருக்கல்ல. வெக்கத்துல யாருக்கிட்டயும் சொல்லவும் இல்ல. உங்க உம்மாவுக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு?"

டயர்க் காற்று என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். மாமி ஒரு துண்டைப் பிய்த்து, நின்றபடியே சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் கண்ணாடிப் பக்கம் திரும்பி, உதட்டில் ஒட்டியிருந்த துகளை முந்தானையால் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்குள் அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

"உங்க தங்கச்சி இனி என் மகள்னு உம்மாக்கிட்ட சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். தங்கை அழுதாள், சிரித்தாள். உம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்:

"அதுக்குத்தானே சொன்னேன், முப்பது றாத்தலுக்குக் கொறையப்படாதுன்னு."