பன்னிரண்டு குடம்

வாரத்தில் ஆறு நாளும் பர்னிச்சருக்குப் பாலிஷ் போடுகிறவன் கையில் ஏழாவது நாளும் பாலிஷ் பேப்பரைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? போன வெயில் காலத்தில் என் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. தோள்பட்டையில் தீராத வலி. மூக்கைச் சிந்தினால் மரத்தூள் வரும். நான் குடியிருக்கிற லேபர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்துத் தேவ்நாரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவேன். அங்கே சந்துக்குள் நாலு செங்கல் மேல் அத்தான் செய்த படகு கவிழ்ந்து கிடக்கும்.

அத்தான் பேக்கிங் பெட்டி அடிக்கிறவர். படகும் பெட்டி மாதிரியேதான் இருந்தது. ஆறரை அடி நீளம், தட்டையான அடி, இரண்டு முனையிலும் கொஞ்சம் தூக்கல். பலகைக்குப் பலகை இடுக்கு.

"என்னத்தான், இதுக்குள்ள எறும்பு குடும்பத்தோட நடந்து போவும் போலுக்கே" என்றேன்.

"அதுக்குத்தான மாப்ள ஒன்னையக் கூப்ட்டுருக்கு."

சிரித்தாரே தவிர, அது விளையாட்டு இல்லை. அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முந்தின வருஷ மழையில் சந்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அன்று போனில், "வடிஞ்சிரும்க்கா, நாளைக்குப் போய்க்கலாம்" என்று சொன்ன புத்திசாலி நான்தான். வடியவில்லை. மூன்றாம் நாள் நானும் போய்ச் சேர்ந்து, மூச்சு முட்டியவளைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கினோம். பாதி வழியில் பலகை சரிந்து சாக்கடைத் தண்ணீருக்குள் விழுந்தாள். பிழைத்தது பெரும்பாடு. வேறு இடம் பார்க்கலாமே என்பார்கள். முடிந்தால் பார்க்கமாட்டார்களா? அதன் பிறகுதான் அத்தான் படகு, படகு என்று பிடித்துக்கொண்டார். இடுக்கை அடைக்கிற வேலை எனக்கு.

சாக் பவுடரில் வெள்ளைப் பசையை ஊற்றிப் பிசைந்தால் பட்டி. அதை இடுக்கில் வைத்து அழுத்தி, காய்ந்ததும் எண்பது நம்பர் பேப்பரில் தேய்த்து, பிறகு நூற்றிருபதில் தேய்ப்பேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏல, பீரோவுக்கா பாலிஷ் போடுத? மொகம் பாத்து பவுடர் போடலாம் போலுக்கே!"

நாலு வாரத்தில், தடவினால் கை வழுக்கியது. எங்கே இடுக்கு இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சோதித்துப் பார்க்க யோசனை சொன்னவள் அக்காதான். "புதுப் பானைக்கு என்ன செய்வோம்? உள்ள தண்ணிய ஊத்தி வைங்க. வெளிய கசிஞ்சா ஓட்ட."

காலையில் ஒரு மணி நேரம் வருகிற குழாய்த் தண்ணீரில் பக்கத்து வீட்டுக்காரிகள் ஆளுக்கொரு குடம் கொடுத்தார்கள். "பாகல் ஹோ கயே க்யா?" என்று, பைத்தியமா பிடித்திருக்கிறது என்று இந்தியில் திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்கள். படகை நிமிர்த்திப் பன்னிரண்டு குடம் ஊற்றினோம். அக்காவுக்குக் குடிக்க டாக்டர் அளந்து விட்டது ஒரு நாளைக்கு அரை லிட்டர்.

"எனக்கு அர லிட்டரு, இந்தக் கட்டைக்குப் பன்னெண்டு கொடமா? நல்லா இருக்கே நாயம்!" என்று சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு குடமாகச் சரிந்ததை அவள் கண் எடுக்காமல் பார்த்தாள்.

பத்து மணிக்கு அடியில் வெள்ளையாக ஒரு சொட்டு. மத்தியானத்துக்குள் என் பட்டியெல்லாம் கரைந்து பாலாக ஒழுகியது. என் தொழிலே கண்ணுக்குத் தெரியாமல் இடுக்கை மறைப்பது. இருபத்தாறு வருஷத்தில் நான் பட்டி பார்த்த எந்தப் பீரோவும் தண்ணீரில் மிதந்ததில்லை. இதுகூட உறைக்காதவன் என்ன வேலைக்காரன்? அத்தான் குனிந்து அந்த வெள்ளைத் தண்ணீரை விரலில் தொட்டுப் பார்த்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ்ளோ இடுக்கு வச்சு அடிச்சா எவன் வந்தாலும் ஒழுவத்தான் செய்யும்!" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"சண்டைய அப்பொறம் போடுங்க" என்றாள் அக்கா. "தண்ணியக் கொடத்துல கோரி அவங்களுக்குக் குடுங்க, துணியாவது தொவைக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "அடுத்த ஞாயித்துக்கெழம வருவியால?" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

போனேன். உளியால் அத்தனையும் சுரண்டி எடுத்தேன். கலந்தால் இறுகுகிற ரெசினும் ஹார்ட்னரும் வாங்கி, சலித்த மரத்தூளைச் சேர்த்துப் பிசைந்து மறுபடி அடைத்தேன். காய்ந்தால் கல்தான், பேப்பர் தேய்ந்ததே தவிர அது தேயவில்லை. இருமி இருமித் தேய்த்தேன். திரும்பவும் பன்னிரண்டு குடம். சாயங்காலம்வரை கீழே விரித்த நியூஸ் பேப்பர் நனையவில்லை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஜூலையில் வெள்ளம் வந்தது, சரியாக டயாலிசிஸ் நாளன்று. நான் முந்தின ராத்திரியே அங்கே போய்விட்டேன். காலையில் மழை விட்டிருந்தது, தண்ணீர் விடவில்லை. அக்காவைப் பாய் விரித்துப் படகில் உட்கார வைத்தோம். அத்தான் முன்னால் கயிற்றைப் பிடித்து இழுக்க, நான் இடுப்பளவுத் தண்ணீரில் பின்னாலிருந்து தள்ளினேன். வழி நெடுக நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, படகின் மூலைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அவளும் நிமிஷத்துக்கொரு தரம் பாய்க்கு அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள்.

மெயின் ரோடு தெரிகிற இடத்தில், "ஏல" என்றாள்.

நான் தள்ளுவதை நிறுத்தினேன். "என்னக்கா, ஒழுவுதா?"

"இல்லல" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "காஞ்சு கெடக்கு. நீ நேராப் பாத்துத் தள்ளு."