கைப்பிடிச்சுவரும் பறந்தது

என் உடம்புக்கு வந்த கோளாறு முதலில் உடம்பில் தெரியவில்லை. பிலிமில்தான் தெரிந்தது.

காசநோய்க்கு (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்) ஊசி போட்டுக்கொண்டிருந்த மூன்றாவது மாதம் அது. அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. கல்யாண வீடுகளில் வெளிச்சம் போதாத மூலையில்கூட ஸ்டாண்டு இல்லாமல் படம் எடுப்பேன். கை ஆடாதவன் என்று ஊரில் பேர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

இருமலில் ரத்தம் வந்ததும் கடையை என் மனைவியின் தம்பியிடம் விட்டுவிட்டு, மானகிரியில் எங்கள் வீட்டு மாடியறைக்குப் போய்விட்டேன். தனித் தட்டு, தனித் தம்ளர். கம்பவுண்டர் தினமும் சைக்கிளில் வந்து ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி குத்திவிட்டுப் போவார். ஒரு மாதத்தில் காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது. இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அதற்குப் பிறகு பயத்தைவிடச் சலிப்புதான் ஆளைத் தின்னும்.

மாடிக்கு எதிரே, ஊரணிக்கரை அரசமரத்தில் ஒரு கூடு இருந்தது. செம்பருந்துக் கூடு. வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக, கருடன் என்று நாம் கும்பிடும் பறவை. குஞ்சுகள் இரண்டும் அழுக்குத் தவிட்டு நிறம். என் மனைவி பாக்கியம் தாய்ப் பறவையைக் கண்டால் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். குஞ்சுகளைச் சட்டை செய்ய மாட்டாள்.

“அதுக கோழிக்குஞ்சு தூக்குற பருந்து மாதிரியில்ல இருக்கு.”

“வளந்து தலை வெளுத்தா அதுவும் கருடன்தான்.”

“வெளுக்கட்டும். அப்பக் கும்பிட்டுக்கிறேன்.”

மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கிய காமிராவும், தூரத்தில் இருப்பதை எடுக்கும் நீள லென்ஸும் என்னிடம் இருந்தன. குஞ்சுகள் பறக்கப் பழகுவதை முதலிலிருந்து கடைசிவரை எடுப்பது என்று முடிவு செய்தேன். மூச்சு விட ஒரு காரணம் கிடைத்ததுபோல இருந்தது.

முதலில் கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை விரித்து, நின்ற இடத்திலேயே குதித்தன. பிறகு பக்கத்துக் கிளைக்குத் தாவின. தாய்ப் பறவை மீனைக் கூட்டுக்குக் கொண்டுவராமல் நாலடி தள்ளி உட்கார்ந்துகொண்டு கத்தும். பசித்தவை வந்தாக வேண்டும். பறப்பதைவிட உட்காருவதுதான் அவற்றுக்குக் கஷ்டம் என்று கண்டேன். கிளையைப் பிடிக்கத் தெரியாமல் முன்னால் கவிழ்ந்து, தலைகீழாகத் தொங்கி, இறக்கையை அடித்து நிமிரும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

மச்சினன் கடையில் பிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தான். எல்லாம் கலங்கலாக இருந்தன. ஷட்டர் கெட்டுவிட்டது என்று திட்டினேன். காமிரா மதுரைக்குப் போய், ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. ரிப்பேர்க்காரனையும் திட்டினேன்.

இதற்கு நடுவே நடக்கும்போது தரை மெத்தைபோல அமுங்கியது. தலையைத் திருப்பினால் எதிரே இருப்பது எல்லாம் குதித்தது. பலவீனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், ஊசி நின்றால் நோய் திரும்பிவிடும் என்று பயம். வாயைத் திறக்காததுதான் நான் செய்த பெரிய தப்பு.

ஒரு காலையில் பெரிய குஞ்சு மரத்தை விட்டுக் கிளம்பி, ஊரணியைத் தாண்டி, எங்கள் மாடிக்கு மேலே வந்தது. காமிராவைத் தூக்கினேன். பின்னாலேயே தாயும் வந்து தலைக்கு மேல் வட்டமிட்டது. காமிரா கழுத்தில் தொங்கட்டும் என்று விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் அண்ணாந்து இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, நெற்றி தரையில் இருந்தது.

பாக்கியம் ஓடிவந்து ரத்தத்தைத் துடைத்தாள். “கருடனைப் பாத்தீக, சரி. செவத்தை ஏன் விட்டீக?”

“எந்தச் செவத்தை?”

“பத்து நாளா செவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நடக்குறீக? கேட்டா எரிஞ்சு விழுவீகன்னு நானும் வாயைத் தொறக்கல.”

எனக்கே அது தெரியாது. அவள் அன்றே என்னை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனாள். போட்டோக் கவரையும் எடுத்து வந்து மேசையில் வைத்தாள். “இருவது வருசத்துல இவுக இப்படிப் படம் எடுத்ததே இல்ல.”

டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “குஞ்சு கலங்கலா இருக்கு, சரி, அது பறக்குது. கீழே தெரியுற இந்த ஊரணிக் கைப்பிடிச்சுவர் ஏன் கலங்குது? அதுவுமா பறக்குது?”

காலைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடினேன். அவர் பிடித்திராவிட்டால் மறுபடி விழுந்திருப்பேன்.

அந்த ஊசி சிலருக்கு உள்காதின் சமநிலை உறுப்பை (உடம்பு சாயாமல் காக்கும் பகுதி) கெடுத்துவிடும் என்றார். மருந்தை மாற்றிக் கொடுத்தார். “கெட்டது முழுசாத் திரும்பாது. கண்ணும் காலும் சேந்து அந்த வேலையைப் பழகிக்கும். முன்னாடியே சொல்லியிருந்தீகன்னா கொஞ்சம் மிச்சமாகியிருக்கும்.”

ஒன்றரை வருடத்தில் காசம் போயிற்று. ஒரு நல்ல நாள் பார்த்துக் கடைக்குப் போனேன். பிலிம் கழுவ இருட்டறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தேன். கண் போன நிமிடமே தரையும் போயிற்று. மருந்துத் தட்டுகளோடு விழுந்தேன். தொழில் முடிந்தது என்று அந்த ஈரத்தில் உட்கார்ந்து அழுதேன். காசம் என்று சொன்னபோதுகூட நான் அழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. உட்கார்ந்திருக்கிறேன், அறை இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது, நான் சாயவில்லை. எழாமலே தடவித் தடவி, புட்டியில் மிச்சமிருந்த மருந்தைத் தட்டில் ஊற்றி, அந்த பிலிமைக் கழுவி முடித்தேன். மறுநாள் ஆசாரியை வரவழைத்து ஒரு முக்காலியைத் தரையோடு அடிக்கச் சொன்னேன். அதில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, வேலை செய்யப் பல மாதம் பழகினேன். முன்பு பத்து நிமிடத்தில் முடிப்பது இப்போது அரைமணி ஆகும். அந்த அரைமணியில் அவசரம் என்பது எனக்கு மறந்துபோயிற்று. படம் எடுக்க ஸ்டாண்டு வேண்டும். கை ஆடாதவன் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

அந்தக் குஞ்சுகள் பறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் மாடியில் நின்றபோது ஊரணிக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது. தலை இப்போதுதான் வெளுத்திருந்தது, கழுத்தில் இன்னும் தவிட்டு நிறம். அவற்றில் ஒன்றா, வேறு ஒன்றா, எனக்குத் தெரியாது. பாக்கியம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நானும் போட்டுக்கொண்டேன், ஒரு கையால். மற்றக் கை சுவரில் இருந்தது.