இடுப்பை விட்டு இறங்கியவள்

ஒச்சம்மாளுக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. அதற்காக அவள் ஒரு நாளும் வருந்தியதும் கிடையாது. எழுபதுகளில் அவள் மகள் மூக்கம்மாள் துணைக்கு ஆளில்லாமல் எம்.ரெட்டியபட்டியில் பஸ் ஏறி அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தபோது, "எல்லாம் பெத்தவ குடுத்த எடம்" என்று ஊர் பல்லைக் கடித்தது. கடிக்கட்டும். அந்தப் பிள்ளையைத் தன் காலில் நிற்கவைக்க ஒச்சம்மாள் பட்ட பாட்டில் ஒரு பங்குகூட ஊர் பட்டதில்லை.

மூக்கம்மாளுக்கு முன்னால் பிறந்தவை இரண்டு. முதலாவது தொட்டிலிலேயே போனது. இரண்டாவது பையன், நடை பழகி வாசல் தாண்டிய மாதமே காய்ச்சலில் போனான். மூன்றாவதாக இவள் பிறந்ததும் வழக்கப்படி குப்பையில் கிடத்தி எடுத்து, மூக்குக் குத்தி, அதையே பெயராகவும் வைத்தார்கள். எமன் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுப் போகவேண்டுமாம். அதோடு விட்டிருக்கலாம். ஒச்சம்மாளின் புருஷன் உக்கிரபாண்டிக்கு ஒரு அக்காள், பேச்சி. தாலியறுத்துத் தம்பி வீட்டோடு வந்திருந்தவள். அவள் குலசாமிக்கு நேர்ந்துகொண்டாள்: "முடி எறக்குற வரைக்கும் பிள்ள கால மண்ணுல படவிட மாட்டேன், அய்யா."

ஒரு வயதில் இறக்கவேண்டிய முடி. ஆனால் முடியிறக்கென்றால் பங்காளிகளைக் கூட்டிக் கிடா வெட்டவேண்டும். அதற்கு மழை பெய்து வெள்ளாமை வீடு வந்து சேரவேண்டும். திருச்சுழிச் சீமையில் மழையை நம்பி நாள் குறித்த புத்திசாலிகளை என்னவென்று சொல்ல? வருஷம் தள்ளிக்கொண்டே போனது. முடி வளர்ந்தது, பிள்ளை வளர்ந்தது, இடுப்பை விட்டு மட்டும் இறங்கவில்லை. வீட்டுக்குள் பாயில் நிற்கும். வாசலைத் தாண்டினால் பேச்சியின் இடுப்புதான்.

அறுபத்தேழில், அரையும் குறையுமாக வெடித்த பருத்தியை எடுத்துக்கொண்டிருந்தாள் ஒச்சம்மாள். வரப்பில் பேச்சி, அவள் இடுப்பில் மூன்று வயது தாண்டிய மூக்கம்மாள். கீழே கிடந்த ஒரு பருத்திச்சுளையைக் காட்டிப் பிள்ளை விரலை நீட்டியது. பேச்சி கவனிக்கவில்லை. பிள்ளை அழவில்லை, வாய் திறந்து கேட்கவில்லை, இறங்கப் பார்க்கவும் இல்லை. யாராவது எடுத்துத் தருவார்கள் என்று நீட்டிய விரலோடு அப்படியே இருந்தது. ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். செத்த பிள்ளைகளுக்காக அழுது அழுது, உயிரோடு இருப்பதை இப்படி ஆக்கிவிட்டோமே என்று ஆத்திரம் வந்தது. மடியில் இருந்த பருத்தியை அங்கேயே கொட்டிவிட்டு வந்து, பிள்ளையைப் பிடுங்கிக் கரிசல் மண்ணில் நிறுத்தினாள்.

"அடி பாவி, சாமி குத்தம்டி."

"வந்தா எனக்கு வரட்டும், மயினி. பெத்தவ நாந்தான்."

பிள்ளை வீறிட்டது. உட்கார்ந்தது. சூட்டில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. யாரும் தூக்கவரவில்லை என்று தெரிந்ததும், தள்ளாடிப் போய் அந்தச் சுளையைத் தானே எடுத்தது.

அன்றிலிருந்து மூக்கம்மாள் கூழைத் தானே குடிப்பேனென்று மேலெல்லாம் ஊற்றிக்கொண்டாள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவை வலம் வந்தாள். பருத்திக்கொட்டையை வரிசையாக அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். கொட்டைக்காக மாடு கத்தினாலும் ஒச்சம்மாள் அவளை எழுப்பமாட்டாள். "அவ சோலிய அவ முடிக்கட்டும்" என்பாள். மாடே பொறுத்துக்கொண்டது, மனுசர்களால்தான் முடியவில்லை.

அடுத்த கோடையில் வண்டிச் சக்கரத்தில் ஏறி விழுந்து பிள்ளைக்கு நெற்றி கிழிந்தது. காயத்தோடு காய்ச்சலும் கண்டது. அதுவரை வாய் திறக்காத உக்கிரபாண்டி வந்து நின்றான்.

"பிள்ளய அக்கா கையில குடுத்துரு. இனி அவ வளக்கட்டும்."

"காச்சல் விடுற வரைக்கும் நானே தூக்கி வச்சுக்கிறேன். எந்திரிச்சா அவ நடப்பா. நடக்கவிடாமத்தான் வளக்கணும்னா நான் அவளக் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்குப் போயிருவேன். நீங்க பாயில ஒரு பொம்மய வச்சுக் கொஞ்சுங்க."

சொல்லிவிட்டாளே ஒழிய, ராத்திரியெல்லாம் பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தாள். இதுவும் போய்விட்டால் ஊர் தன்னைக் கொலைகாரி என்றுதான் சொல்லும், தானும் அதை நம்பிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். காய்ச்சல் விட்டது. எழுந்த பிள்ளையை ஒச்சம்மாளே வாசலில் இறக்கிவிட்டாள்.

அதற்கடுத்த வருஷம் மழை பெய்தது. பங்காளிகள் கூடி முடியிறக்கப் புறப்பட்டார்கள். வண்டிகள் கண்மாய்க்கரையோடு நின்றுவிட்டன. கோயிலுக்குப் போகக் கரையேறி, கல்லும் முள்ளுமான தடத்தில் நடக்கவேண்டும். பேச்சி முந்தானையைச் செருகிக்கொண்டு கையை நீட்டினாள்.

"வாத்தா. கோயில் வாசல் வரைக்கும் அயித்த தூக்கிக்கிறேன்."

"தூக்குறது நீங்க, நடக்குறது அவ. அவகிட்டக் கேளுங்க, மயினி" என்றாள் ஒச்சம்மாள்.

"நடந்தே வாரேன், அயித்த" என்றாள் மூக்கம்மாள்.

பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் பேச்சி அழுதாள். "இன்னொன்னயும் பறிகுடுக்க எனக்குத் தெம்பில்ல, தாயி."

"எனக்கு மட்டும் இருக்கா, மயினி? அதுக்காக அவ காலப் பறிச்சுக்கிற முடியுமா?"

பேச்சி கையை மடக்கிக்கொண்டாள். ஒச்சம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். பாதி ஏற்றத்தில் மூக்கம்மாள் நின்று, பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக உருவினாள்.

"விடும்மா. நீ பிடிச்சா எனக்கு ஏற வரல."

ஊரையும் புருஷனையும் சாமியையும் எதிர்த்து நின்ற ஒச்சம்மாள், தன்னிடமிருந்தும் அந்தப் பிள்ளை இறங்கவேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. ஆனாலும் விட்டாள். மூக்கம்மாள் புல்லைப் பிடித்து ஏறிக் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனாள். ஒச்சம்மாள் கொஞ்சம் தள்ளியே பின்னால் நடந்தாள்.