காந்தத்தில் ஏறிய கருமணல்

மகளின் அறிவியல் திருப்புதல் தாளில், காந்தம் எவற்றை இழுக்கும் என்ற கேள்விக்கு நான் சொல்லிக்கொடுத்த ‘கடற்கரைக் கருமணல்’ என்ற விடையை டீச்சர் சிவப்பு மையால் வெட்டியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில், உடைந்த ரேடியோவின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இராஜாக்கமங்கலம் கரையில் நான் இழுத்து நடந்த சாயங்காலங்களில், கருமணல் கம்பளிப்பூச்சி மயிர்போல் சிலிர்த்துக்கொண்டு அதில் ஏறும், தட்டினாலும் போகாது, நகக்கண்ணிலும் பாவாடைக் கரையிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

“வா மக்கா, காட்டித் தாறேன்” என்று, இன்னும் வைத்திருக்கும் அதே காந்தத்தோடு அவளை அந்தக் கரைக்குக் கூட்டிப்போனேன்.

மணலே இல்லை. கடல் அரித்த இடமெல்லாம் பாறாங்கல்லைக் கொட்டியிருந்தார்கள். அவள் ஒவ்வொரு கல்லிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தாள்.

“டீச்சர் வெட்டுனது சரிதானேம்மா?” என்றாள்.