சொல்லிக்கொள்ளாமல் வந்த அப்பா

‘பிரஸ்க்’ என்ற ஆங்கிலச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது என் அப்பாவைப் பற்றித்தான். சொன்னவர் என் முதலாளி, பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கின் டாக்டர், மலாய்க்காரர். அவருக்கு முன்னால் அவருடைய அம்மா அந்தக் கிளினிக்கை நடத்தினார். அந்த அம்மாவுக்குக் காலமெல்லாம் கார் ஓட்டியவர் என் அப்பா. நான் கவுண்டரில் இருந்தேன்.

அந்த அம்மா இறந்தபோது, கிள்ளானில் இருந்த அவர்கள் வீட்டுக்கு அப்பா விடியும்போதே போய்விட்டார். நாற்காலி தூக்கிப் போட்டார், வந்த கார்களுக்கு இடம் காட்டினார். உடலை அடக்கத்துக்கு எடுத்துப்போனதும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டார். அவர்கள் பழக்கத்திலோ, கைகொடுத்து சலாம் சொல்லித்தான் விடைபெற வேண்டும்.

மறுவாரம் டாக்டர் என்னிடம், அப்பா அன்றைக்குக் கொஞ்சம் பிரஸ்க்காக நடந்துகொண்டார் என்றார். போனில் பொருள் பார்த்தேன். கெட்ட வார்த்தை பேசுகிறவனை அப்படிச் சொல்ல மாட்டார்களாம். எதிரில் இருப்பவர் மனசைப் பற்றிக் கவலையே இல்லாமல் வெடுக்கென்று நடந்துகொள்கிறவனைத்தான் சொல்வார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலாயில் ‘குராங் ஆஜார்’, வளர்ப்பு சரியில்லாதவர் என்று நேராகவே திட்டியிருந்தால் நானும் நேராகவே திருப்பிக் கொடுத்திருப்பேன். இது செருப்புக்குள் போன மணல் மாதிரி நாள் முழுக்க உறுத்தியது.

வீட்டில் சொன்னேன். அப்பா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார்.

“சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொன்னா, இன்னொரு சாவுக்கு வரேன்னு ஆயிடும்லா. அந்த வீட்டுக்குப் போய் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருமா?”

அப்புறம் அவர் சாப்பிடவில்லை. அந்த அம்மா வீட்டில் தன் பெயர் கெட்டுப்போனதே என்று கடைசிவரை அவருக்கு ஆறவே இல்லை.

மறுநாள் வேலை போனாலும் போகட்டும் என்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். என்ன மனுஷன் இவர் என்று நினைத்தேன்.

போன வருஷம் அப்பா இறந்தார். டாக்டர் வந்து, எங்கள் ஃபிளாட்டின் கீழே கூடாரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்பாவை எடுத்ததும் எழுந்தார். என் தம்பி பக்கம் நீண்ட அவர் கை பாதியில் நின்றது. அதை மெதுவாக மடக்கிக்கொண்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

அதுவரை அழாத நான் அப்போதுதான் அழுதேன்.