சத்தம் மட்டும் வந்த கல்யாணம்

வட்டை உள்ளே தள்ளியதும் விசிடி பிளேயரின் சின்னத் திரையில் ‘நோ டிஸ்க்’ என்று பச்சை எழுத்து வந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். மறுபடியும் அதே எழுத்து. பாயா ரும்புட் ஊரில் இருந்த அத்தை வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கனடாவில் நடந்த மகனின் கல்யாணத்தைக் காட்டுகிறேன் என்று அத்தைதான் அவர்களைக் கூப்பிட்டிருந்தார். பெண் வெள்ளைக்காரி. “தாலி கட்டித்தான் முடிச்சான்” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். அதற்குச் சாட்சி அந்த வட்டுதான்.

“உள்ளதான இருக்கு, அப்புறம் ஏன் இல்லங்குது?” என்று அத்தை என்னைக் கேட்டார். வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் எழுந்து போனார்கள். எனக்குத்தான் முகம் எரிந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தனியாளாகத் தன் மகனை, என் அத்தானை, படிக்கவைத்தவர். நான் கணினி வகுப்புக்குப் போனவள் என்பதால் வட்டு என் கைக்கு வந்தது. நான் இருந்த அலோர் காஜாவில் ஒரு கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது விசிடியே இல்லை என்றார். வெளியே எல்லாம் ஒரே பளபளப்புதான். ஆனால் பிளேயருக்கு அதற்கென்று உள்ள முறையில் படத்தைப் பதிந்திருக்க வேண்டுமாம். அத்தானோ கணினியில் இருந்த கோப்பை அப்படியே வட்டில் ஏற்றி அனுப்பியிருந்தார். போனில் கேட்டபோது, “எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஓடும், ஈசி லா” என்றார். அவருக்கு எல்லாமே ஈசிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையை அலோர் காஜாவுக்கு வரச்சொல்லி என் கணினியில் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. சத்தம் மட்டும் வந்தது. படத்தைப் பிரித்துக் காட்டும் மென்பொருள் என்னிடம் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. மவுஸை அங்கும் இங்கும் நகர்த்தித் திட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கறுப்புத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேளச் சத்தம் கேட்டு, “ஆ, கோயில்தான்” என்றார். பிறகு ஒரு வயதான ஆண்குரல் ஆங்கிலத்தில் பேசியது. பெண்ணின் அப்பா போலிருக்கிறது. கூட்டம் ‘அச்சோ’ என்பதுபோல் ஒரு சத்தம் எழுப்பியது.

“மதர்னு என்னமோ சொன்னாரே, என்னா அது?”

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு விமானம் ஏறப் பயம், அதனால்தான் வரமுடியவில்லை என்கிறார் என்றேன்.

“நான் எப்ப பயம்னு சொன்னேன்? பாஸ்போட்டுக்குப் படங்கூட எடுத்து வச்சிருந்தேன். வான்னு ஒரு வார்த்த கூப்பிடலியே அவன்.”

வட்டை வெளியே எடுத்தேன். அத்தையைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன்.

அதன் பிறகு அந்தப் படத்தை வரவைப்பது எனக்கு ஒரு வீம்பாகிவிட்டது. போன் கம்பி வழியாக வரும் இணையத்தில் அந்த மென்பொருளை இறக்கப் பார்த்தேன். பாதியில் யாராவது போன் செய்வார்கள், இணைப்பு அறுந்துபோகும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அத்தானையா, கணினியையா, ஒன்றுபோலவே இருந்துகொண்டு ஒன்றுக்கொன்று ஒத்துவராத இந்த வட்டுகளையா? கடைசியில் வகுப்புத் தோழி ஒருத்தி மென்பொருளைக் கொண்டுவந்து தந்தாள். படம் வந்தது. ஆனால் என் கணினிக்கு வேகம் போதவில்லை. குரல் முன்னே ஓட, முகங்கள் விக்கி விக்கிப் பின்னால் வந்தன.

அத்தை வருவாரா என்று சந்தேகமாக இருந்தது. வந்தார், நல்ல சேலை கட்டிக்கொண்டு. படம் தொடங்கியதும், “சத்தத்த எடுத்துடு மா” என்றார். எடுத்தேன்.

அத்தான் தாலியைக் கையில் எடுத்தார். பெண்ணின் கழுத்தருகே கைகள் வந்ததும் படம் உறைந்து நின்றது. நான் பல்லைக் கடித்தேன். மெல்ல நகர்ந்து, முடிச்சு விழுந்தது.

“கட்டிட்டான்” என்றார் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. பெண்ணின் அப்பா பேச எழுந்து நின்றபோதும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அவர் வாய் அசைந்து முடிந்தபின் என் பக்கம் திரும்பினார்.

“பக்கத்து வீட்டு ஆளுங்கள அடுத்த வாரம் இங்க கூட்டியாரேன். சத்தம் கெட்டுப்போச்சின்னு சொல்லிடு.”